எலும்பை வாசித்தவர்

சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். ஆனால் என் மனதில் இடம்பிடித்த சரித்திர நாயகர் அரசருமல்லர். பட்டம் பெற்ற அறிஞருமல்லர். குதிரை மீதமர்ந்து மாடு மேய்த்த ஒரு கறுப்பின மனிதர். அவர் பெயர் ஜோர்ஜ் மக்ஜங்கின்.

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1851ஆம் ஆண்டு அவர் அடிமையாகவே பிறந்தார். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்தபோது அவருக்கு வயது பதினான்கு அளவில் இருக்கும். பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. முரட்டுக் குதிரைகளைப் பழக்கும் வித்தையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்து, அதற்குக் கைமாறாக எழுத வாசிக்கக் கற்றுக்கொண்டார். ஸ்பானிய மொழி பேசினார், வயலின் வாசித்தார், தொலைநோக்கி வைத்து வானத்தைப் பார்த்தார். வழியில் காணும் வினோதமான கற்களையும் எலும்புகளையும் சேர்த்து வைத்தார். காலப்போக்கில் நியூ மெக்சிகோ மாநிலத்தின் போல்சம் என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த பெரிய மாட்டுப் பண்ணையொன்றின் மேற்பார்வையாளராக உயர்ந்தார்.

1908 ஓகஸ்ட் 27ஆம் திகதி இரவு, போல்சத்தில் பெருவெள்ளம் புகுந்தது. சேரா ரூக் என்ற தொலைபேசி இணைப்பாளப் பெண்மணி, தான் தப்பியோடாமல் ஊராரை அழைத்து எச்சரித்தவாறே வெள்ளத்துக்குப் பலியானார். வெள்ளம் வடிந்தபின், சேதமடைந்த வேலிகளைப் பார்க்கச் சென்ற மக்ஜங்கின், நீர் ஆழமாக அரித்துச் சென்ற ஓர் ஓடையின் கரையில் எலும்புகள் துருத்திக்கொண்டிருப்பதைக் கண்டார்.

வேறொருவர் என்றால் செத்த மாட்டின் எலும்பென்று கடந்து போயிருப்பார். வாழ்நாளெல்லாம் கால்நடைகளோடு பழகியவரின் கண் அப்படிக் கடந்து போகவில்லை. அவை மாட்டு எலும்புகளல்ல. பைசன் எனப்படும் காட்டெருமையினுடையவை. ஆனால் அவர் அறிந்த காட்டெருமைகளைவிடப் பெரியவை. அதுவும் நிலத்தின் கீழ் பல அடி ஆழத்தில் கிடந்தன. அவ்வளவு மண் படிய எவ்வளவு காலம் சென்றிருக்க வேண்டும்! அவை மிகப் பழையவை என்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

தான் கண்டதை ஆண்டுக்கணக்காக அவர் பலருக்கும் எடுத்துச் சொன்னார். ரட்டன் நகரின் கொல்லரான காள் ஷ்வாக்ஹைம் அதில் ஆர்வம் காட்டினார். ஆயினும் அவ்விடத்துக்கு உடனே போய்ப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1922 ஜனவரியில் மக்ஜங்கின் காலமானார். அவ்வாண்டின் இறுதியிலேதான் கொல்லரும் நண்பர்களும் அந்த ஓடைக்குச் சென்றார்கள். 1926இல் டென்வர் நூதனசாலையினர் அங்கே அகழத் தொடங்கினர். எலும்புகளோடு, இரு பக்கமும் நீளவாட்டில் பள்ளம் செதுக்கப்பட்ட அழகிய கல் ஈட்டிமுனைகளும் வெளிவந்தன.

இதன் முக்கியத்துவம் என்ன? அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர் வந்து சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்று அக்காலப் பேரறிஞர் பலர் உறுதியாக நம்பியிருந்தனர். தனியே கிடக்கும் கல், தன் வயதைச் சொல்லாது. தனியே கிடக்கும் எலும்பு, தன்னைக் கொன்றவர் யாரென்று சொல்லாது. இரண்டும் கலையாத மண்ணில் ஒன்றாகக் கிடந்தால்தான் சாட்சி பூரணமாகும். 1927 ஓகஸ்டில் அந்தச் சாட்சி கிடைத்தது. விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் ஈட்டிமுனை இருப்பதை ஷ்வாக்ஹைம் கண்டார். அதை அசைக்காமல் அப்படியே விட்டுவைத்து, அறிஞர்களுக்குத் தந்தி அனுப்பினார்கள். வந்தவர்கள் தம் கண்ணாலேயே பார்த்தனர், ஏற்றுக்கொண்டனர்.

அங்கே கொல்லப்பட்டவை முப்பதுக்கு மேற்பட்ட காட்டெருமைகள். அந்த இனம் இன்று உலகில் இல்லை. பல எலும்புக்கூடுகளில் வால் எலும்புகளைக் காணவில்லை. தோலை உரித்தெடுத்தபோது வாலும் அதனோடு சென்றுவிட்டது என்பது ஆய்வாளர் கருத்து. வேட்டை நடந்தது 12,000 ஆண்டுகளுக்கு முன்பு என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஈட்டிமுனையைக் கண்ட பெருமை அகழ்ந்தவர்களுக்கே உரியது. ஆனால் அந்த எலும்புகள் வழக்கமானவை அல்ல என்று அறிந்த பெருமை மக்ஜங்கினுக்குரியது. நெடுங்காலம் அவர் பெயர் பேசப்படவில்லை. 1970களுக்குப் பின்னரே அவர் பங்கு பரவலாக அறியப்பட்டது.

நமது இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளிலும் அழிந்துபோன நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்துள்ளன. நூதனசாலைக் கண்ணாடிப் பேழைகளைப் பார்க்கும்போதெல்லாம், அவற்றை மண்ணிலிருந்து முதலில் தூக்கியெடுத்த கைகளையும் நான் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். ஓர் உண்மை பதினான்கு ஆண்டுகள் ஓடைக்கரையில் காத்துக் கிடந்தது. சகோதரிகளே, நம்மிடம் ஒருவர் வந்து தான் கண்டதைச் சொல்லும்போது, அவர் யார் என்று கேட்பதற்கு முன் என்ன கண்டார் என்று கேட்போம்.