பிடியரிசிப் பள்ளியில் பயின்ற பெருந்தலைவர்

ஒரு பிடி அரிசியால் ஒரு பள்ளிக்கூடத்தை வளர்க்க இயலுமா? இயலும் என்று காட்டிய ஊர், தமிழ்நாட்டிலுள்ள விருதுநகராகும். அவ்வூர்த் தாய்மார்கள் சமைப்பதற்கு எடுக்கும் அரிசியில் ஒரு பிடியைப் பள்ளிக்கென ஒதுக்கி வைத்தனர். அவ்வாறு சேர்ந்த அரிசியின் துணையால் வளர்ந்த சத்திரிய வித்தியாசாலையில் பயின்ற சிறுவர் ஒருவரையே பின்னாளில் பெருந்தலைவர் காமராசர் என நாம் போற்றுகிறோம்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் குமாரசாமி, சிவகாமி இணையரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்ப நிலை காரணமாக அவரது படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் இந்திய விடுதலைப் போரில் ஈடுபட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார்.

1954ஆம் ஆண்டு அவர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். தாம் இழந்த கல்வியை வேறெந்தக் குழந்தையும் இழத்தலாகாது என எண்ணினார். ஆயின், பசித்த வயிறு பள்ளியை நாடுமா? மாடு மேய்த்த சிறுவன் ஒருவன், பள்ளிக்குச் சென்றால் சோறு யார் தருவார் என அவரிடமே வினவியதாகக் கூறுவர்.

1956ஆம் ஆண்டு பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஊர்மக்கள் அரிசியும் காய்கறியும் வழங்கினர். ஆசிரியர்கள் முன்னின்று நடத்தினர். பின்னர்ச் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றது. விருதுநகரின் பிடியரிசி நாடெங்கும் பரவியது எனலாம்.

1958ஆம் ஆண்டு முதல், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பள்ளியின் தேவைகளை ஆசிரியர்கள் பட்டியலிட்டனர். பெற்றோரும் ஊராரும் கூடி, ஆளுக்கொன்றாக அவற்றை ஏற்றனர். செல்வர் நிலமும் கட்டடமும் ஈந்தனர். எளியோர் தம்மால் இயன்ற சிறு பொருள்களைத் தந்தனர். முதலமைச்சரே அம்மாநாடுகளுக்கு நேரில் சென்று ஊக்கமளித்தார். பள்ளி அரசினுடையது என்று ஒதுங்கியிருந்தோர், அது தம்முடையது என உணர்ந்தனர்.

தமக்கெனச் செல்வம் எதுவும் சேர்க்காத காமராசர், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவர், எண்ணற்ற பிள்ளைகள் படிக்க வழி செய்துவிட்டே சென்றார்.

நம் ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்டப்புறங்களில் தோன்றியவையே. அவற்றைக் காக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் ஒருவர் தோளில் மட்டும் சுமத்துதல் முறையாகுமா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வரும் தந்தையும், கூட்டுப்பணி நாளில் துடைப்பம் ஏந்தும் தாயும், மாலையில் தங்கிப் பாடம் சொல்லும் ஆசிரியரும், எழுத்தறியாத் தம்பிக்கு எழுத்துக் கூட்டக் கற்றுத்தரும் ஆறாம் ஆண்டு மாணவரும் இப்பள்ளியின் தலைவர்களே. ஆளுக்கொரு பொறுப்பை ஏற்போம். அதுவே நாம் அளிக்கும் பிடியரிசி.