இசைமேதை கெர்ஷ்வினும் இனம் காணாத நோயும்

பியானோ பயிலும் நம் மாணவியர் ஜார்ஜ் கெர்ஷ்வினின் பெயரைக் கேட்டிருப்பர். 1898-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் பியானோ வாங்கியது அண்ணன் ஐராவுக்காக. அமர்ந்து வாசித்ததோ தம்பி ஜார்ஜ்! பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பாட்டுகளை அச்சிட்டு விற்கும் நிறுவனமொன்றில் பியானோ வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். (இதை மட்டும் நம் மாணவியர் பின்பற்ற வேண்டாம்.) 1924-இல் ‘ராப்சடி இன் புளூ’ அவரைப் புகழின் உச்சியில் ஏற்றியது.

1936-இல் திரைப்படங்களுக்கு இசையமைக்க ஹாலிவுட் சென்றார். மறு ஆண்டு பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் கச்சேரியில், தாம் இயற்றிய இசையையே வாசிக்கையில் சில கணம் நினைவு தப்பியது. ரப்பர் கருகும் நாற்றம் வீசுவதாக உணர்ந்தார். எங்கும் எதுவும் எரியவில்லை. தலைவலி வாட்டியது. உணவு மேசையில் கரண்டி கைநழுவியது. வேலைப்பளுவால் மனம் தளர்ந்துவிட்டார் என்றனர் சிலர். பிறர் கவனத்தைக் கவர நடிக்கிறார் என்றனர் வேறு சிலர். ஒருமுறை இப்பெயர் சூட்டப்பட்டபின், புதிதாகத் தோன்றிய ஒவ்வோர் அறிகுறியும் அதற்கே சான்றாகிவிட்டது.

ஜூன் 23 அன்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். எக்ஸ்ரே படத்தில் குறையொன்றும் தென்படவில்லை. முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதிக்க அவரே இசையவில்லை என்பதையும் நாம் சொல்ல வேண்டும். மூளையை உள்ளபடி காட்டும் ஸ்கேன் கருவி அன்று இல்லை. பெரும்பாலும் ஹிஸ்டீரியாவாக இருக்கலாம் என்று குறித்து மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். ஆனால் இல்லாத நாற்றத்தை உணர்வது மூளையில் எழும் ஒருவகை வலிப்பின் அடையாளம் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்களே அறிந்திருந்தனர்!

ஜூலை 9 அன்று நினைவிழந்து வீழ்ந்தார். புகழ்பெற்ற மூளை அறுவை நிபுணர் வால்டர் டேண்டியோ தொலைவில், செசபீக் விரிகுடாவில் படகில் இருந்தார். அரசின் துணையோடு அவரைத் தேடிப் பிடித்தனர். அவர் நியூவார்க் வந்து சேர்வதற்குள் நிலைமை மோசமாகிவிட்டது. கலிபோர்னியாவில் இருந்த மருத்துவர்களே அறுவை செய்தனர். மூளையின் வலப்பக்கத்தில் பெரிய கட்டி இருந்தது. ஜூலை 11 காலை, 38 வயதில் உயிர் பிரிந்தது.

முன்பே கண்டறிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியுமா என்பது ஐயமே. அவ்வகைக் கட்டி இன்றும் கொடியது. நமக்கு வருத்தம் தருவது வேறு: கடைசி வாரங்களில் அவ்வளவு வேதனைப்பட்டவரைச் சுற்றியிருந்தோர் நம்பவில்லை.

அவர் இறுதியாக அமைத்த மெட்டுக்கு அண்ணன் ஐரா பின்னர் சொற்களை எழுதி முடித்தார். அப்பாட்டு 1938-இல் திரைக்கு வந்தது.