வில்லைத் தாழ்த்திய வேந்தர்
(அக்பரின் வாழ்வில் வேட்டையும் விரதமும்)

சூது, ஊன், கள், பரத்தமை, வேட்டை, களவு, பிறன்மனை நயத்தல் என்னும் ஏழினையும் வியசனங்கள் என நம் ஆசாரியர்கள் வகுத்து, சிராவகன் முதற்கண் இவற்றை நீக்கக் கடவன் என்று விதித்துள்ளனர். இவ்வேழனுள் வேட்டையைப் பற்றி நம் இல்லங்களில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக வில்லும் வலையும் அறியாத குடும்பங்களில் பிறந்தோம்; ஆகவே வேட்டையாடாமை என்னும் நோன்பு நமக்கு முயற்சியின்றியே கிட்டிவிட்டது. முயன்று பெறாத செல்வத்தின் அருமை எளிதில் விளங்குவதில்லை. வேட்டையே குலப்பெருமையாகவும் அரச மரபாகவும் விளங்கிய குடியில் பிறந்து, அதனை ஒவ்வொரு படியாக விட்டுவிலக முயன்ற ஒருவரின் வரலாற்றைப் பயின்றால் அவ்வருமை நமக்குப் புலனாகும். அவ்வகையில் மொகலாயப் பேரரசர் அக்பரின் வாழ்வை இங்கே நோக்குவோம்.

இளமையும் வேட்டை விருப்பும்

1542ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், நாடிழந்து அலைந்த ஹுமாயூனின் மகனாக, சிந்து நாட்டின் உமர்கோட்டையில் அக்பர் பிறந்தார். எழுத்தறிவில் அவர் மனம் செல்லவில்லை. குதிரையேற்றமும் விற்பயிற்சியும் யானைகளை அடக்குவதுமே அவருக்கு உவப்பாயின. 1555ஆம் ஆண்டு, தந்தையார் இந்துஸ்தானத்தை மீட்கப் படையெடுத்து வந்த காலத்தில், மான் பிடிக்கப் பழக்கப்பட்ட சிவிங்கிப் புலி ஒன்று முதன்முறையாக அவர் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு. கண்ணை மறைத்து வண்டியில் ஏற்றிச் சென்று, மான்கூட்டம் தென்பட்டவுடன் மறைப்பை நீக்கி ஏவிவிடப்படும் இவ்விலங்கு, முறுக்கிய கொம்புடைய வெளிமானைச் சில நொடிகளில் வீழ்த்திவிடும். சிறுவர் உள்ளத்தை அக்காட்சி முற்றும் கவர்ந்தது. அக்காலத்தில் அவர் வேட்டையாடியதன் காரணம் களிப்பு ஒன்றே எனலாம்.

பதின்மூன்றாம் வயதில் அரியணை ஏறியபின், களிப்புடன் அரசியல் நோக்கமும் சேர்ந்தது. 1560ஆம் ஆண்டு வேட்டைக்குச் செல்வதாகக் கூறி ஆக்ராவை விட்டு நீங்கியே, பாதுகாவலர் பைராம்கானின் பிடியிலிருந்து அவர் தம்மை விடுவித்துக்கொண்டார். 1564இல் யானை பிடிக்கப் புறப்பட்டவர் போலச் சென்று, கிளர்ச்சிக்கு முற்பட்டிருந்த மாளவத்து அதிகாரி மீது படை நடத்தினார். வேட்டைப் பயணங்களின் வாயிலாக நாட்டு மக்களின் நிலையை நேரில் அறிவதும் உண்டு. 1563ஆம் ஆண்டு மதுரா நகர்ப்புறத்தில் புலிவேட்டைக்காகத் தங்கியிருந்தபோதுதான், திருத்தல யாத்திரிகர்களிடம் வரி வாங்கப்படுவதை அறிந்து அதனை நீக்கினார். கொலைத் தொழிலுக்கெனச் சென்ற இடத்தில் ஓர் அறச்செயல் நிகழ்ந்ததை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதனால் வேட்டை அறமாகிவிடாது.

வீரத்தைக் காட்டும் விழைவும் அவரிடம் மிகுந்திருந்தது. 1561இல் மாளவத்திலிருந்து திரும்பும் வழியில், குட்டிகளுடன் எதிர்ப்பட்ட பெண்புலியொன்றை வாளால் வெட்டி வீழ்த்தினார். அரசவை ஓவியர்கள் அதனைப் பெருமிதத்துடன் தீட்டினர். குட்டிகளைக் காக்க முன்வந்த தாய் விலங்கின் நிலையை அன்று எவர் எண்ணினார்?

கொம்புகளால் ஆன பெருமை

1567ஆம் ஆண்டு லாகூருக்கு அருகில் நிகழ்ந்த வேட்டை, எண்ணிக்கையே பெருமையாகிவிட்ட நிலையைக் காட்டுகிறது. கமர்கா எனப்பெறும் மங்கோலிய மரபு வேட்டை அது. ஏறத்தாழ 50,000 பேர் ஒரு மாதகாலம் காடுகளைச் சூழ்ந்து, விலங்குகளை நாற்புறமும் விரட்டி, சுமார் பத்து மைல் சுற்றளவுள்ள வட்டத்திற்குள் அடைத்தனர். பின்னர் ஐந்து நாட்கள் பேரரசர் வாள், ஈட்டி, அம்பு, துப்பாக்கி ஆகிய யாவற்றையும் கையாண்டு அவற்றைக் கொன்றார். தப்ப வழியின்றி அடைபட்ட உயிர்களைக் கொல்வதில் வீரமும் இல்லை. உணவுத் தேவையும் இல்லை. ஆற்றலைக் காட்டுதலே அதன் பயன்.

அதே ஆற்றலின் சின்னமாக, ஆக்ராவிலிருந்து அஜ்மீர் செல்லும் பெருவழியில் குரோசத்திற்கு ஒன்றாகத் தூண்கள் நிறுத்தப்பெற்று, பேரரசர் கொன்ற மான்களின் கொம்புகள் அவற்றில் பதிக்கப்பட்டன. வரலாற்றாசிரியர் பதாயூனி இதனைக் குறித்துள்ளார். வழிச்செல்வோர் யாவரும் காணுமாறு கொலைக்கணக்கு நடப்பட்டிருந்தது. பிற்காலத்தில் இத்தூண்களே அவர் மனத்தை உறுத்தின என்று சமண நூல்கள் கூறுகின்றன.

முதல் விரதம்

வியத்தகு செய்தி என்னவெனில், இவ்வளவு வேட்டைப் பித்துக்கிடையிலும் ஒரு சிறு விரதம் அவரிடம் முளைத்துவிட்டது. 1569ஆம் ஆண்டு பட்டத்தரசி கருவுற்றிருந்தார். அதற்கு முன் பிறந்த மக்கள் நிலைக்காமையால் பேரரசர் பெருங்கவலையில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, கருவிலிருந்த குழந்தை அசைவற்றிருப்பதாக அரண்மனை மகளிர் அஞ்சித் தெரிவித்தனர். அன்று சிவிங்கி வேட்டையில் ஈடுபட்டிருந்த அக்பர், குழந்தை நலம் பெறுமாயின் வாழ்நாள் முழுதும் வெள்ளிக்கிழமைகளில் சிவிங்கி வேட்டை ஆடுவதில்லை என்று உறுதி பூண்டார். குழந்தை அசைந்தது. பின்னாளில் ஜஹாங்கீர் எனப் புகழ்பெற்ற அம்மகனே இச்செய்தியைத் தம் வரலாற்றில் எழுதிவைத்துள்ளார். தந்தை அவ்விரதத்தை இறுதிவரை காத்தார் என்றும் கூறுகிறார்.

இது கருணையால் எழுந்த விரதம் அன்று. தன் குழந்தைக்காகத் தந்தை செய்துகொண்ட பொருத்தனை. வாரத்தில் ஒரு நாள், ஒருவகை வேட்டை மட்டுமே விலக்கப்பட்டது. ஆயினும் தன் மகவின் உயிருக்கும் மானின் உயிருக்கும் ஏதோ தொடர்புண்டு என்பதை அவர் உள்ளம் அன்று உணர்ந்தது. அணுவளவான விரதமும் விரதமே என்பதை நாம் நன்கறிவோம். அணுவிரதம் என்னும் சொல்லின் பொருளே அதுவன்றோ!

ஜீலம் நதிப் பகுதியில் நிகழ்ந்த மாற்றம்

1578ஆம் ஆண்டு, தம் முப்பத்தைந்தாம் வயதில், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரையொட்டிய பகுதியில் மீண்டும் ஒரு கமர்கா வேட்டைக்கு ஆணையிட்டார். பல நாட்களாக விலங்குகள் விரட்டப்பட்டு வட்டம் சுருங்கியது. கொல்லத் தொடங்கும் வேளையில் பேரரசருக்குச் சொல்லற்கரிய மனநிலை ஒன்று தோன்றியது. வேட்டையை உடனே நிறுத்தினார். ஒரு சிறு பறவையின் இறகுக்கும் ஊறு விளைவிக்கலாகாது என்றும், அடைபட்ட விலங்குகள் யாவும் அவற்றின் விருப்பப்படி செல்ல விடப்பட வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. வறியோர்க்குப் பொன் வழங்கினார். தம் தலைமுடியையும் களைந்துகொண்டார். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஐந்து நாட்கள் இடைவிடாது கொன்ற அதே கை, அன்று தானாகவே தாழ்ந்தது.

இந்நிகழ்ச்சியின் காரணம் குறித்து வரலாற்றாசிரியர்கள் பலவாறு கூறுவர். எவரும் அவரைத் தடுக்கவில்லை என்பது மட்டும் தெளிவு. கொல்லும் ஆற்றல் முழுமையாகக் கையிலிருக்கும்போது கொல்லாது விடுவதே உண்மையான அபயதானம்.

ஹீரவிஜய சூரியின் வருகை

உள்ளத்தில் தானே எழுந்த கருணைக்கு அறநெறியின் துணை பின்னரே வாய்த்தது. சுவேதாம்பர மரபின் தபாகச்சத் தலைவராகிய ஹீரவிஜய சூரியைப் பற்றிக் கேள்வியுற்று, 1582இல் குஜராத்தின் ஆளுநர் வாயிலாக அழைப்பு விடுத்தார். முனிவர் அளிக்கப்பெற்ற ஊர்திகளை ஏற்காது, காந்தாரிலிருந்து கால்நடையாகவே வந்து 1583இல் பதேபூர் சிக்ரியை அடைந்தார். அரசவையில் விரித்திருந்த கம்பளத்தின் மீது, அடியில் சிற்றுயிர்கள் இருக்கக்கூடும் எனக் கருதி அவர் அடிவைக்க மறுத்தார் என்றும், கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க எறும்புகள் காணப்பட்டன என்றும் சமண மரபு கூறும்.

முனிவர் தமக்கென எதனையும் வேண்டவில்லை. கூண்டுப் பறவைகளையும் சிறைப்பட்டோரையும் விடுவிக்குமாறும், பர்யூஷண நாட்களில் உயிர்க்கொலையைத் தடுக்குமாறுமே வேண்டினார். எட்டு நாட்களுக்கு வேண்டப்பட்டதைப் பேரரசர் தம் பொருட்டாக நான்கு நாட்களைக் கூட்டிப் பன்னிரண்டாக்கி ஆணை பிறப்பித்தார். சிக்ரியை அடுத்த பேரேரியில் மீன் பிடித்தலும் தடுக்கப்பட்டது. முனிவருக்கு ஜகத்குரு என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. அவர்தம் சீடர்கள் அவையில் தங்கி இப்பணியைத் தொடர்ந்தனர். 1592இல் கரதரகச்சத்தின் ஜினசந்திர சூரியும் லாகூருக்கு எழுந்தருளினார்.

இதன்பின் அக்பர் ஊன் உண்ணா நாட்களை ஆண்டுதோறும் பெருக்கிக்கொண்டே சென்றார் என்று அவருடைய அமைச்சர் அபுல் பசல் எழுதுகிறார். முன்பு வெள்ளிக்கிழமை வேட்டையை மட்டும் விலக்கியவர், பின்னர் நாட்களையும் திங்களையும் விலக்கினார். களிப்புக்காகவும் புகழுக்காகவும் எதனைக் கொல்வது என்று தேர்ந்தவர், எதனைக் கொல்லாது விடுவது என்று தேரலானார். இத்தேர்வின் மாற்றமே அவர் வாழ்வின் சாரம்.

நிறைவுறாத நோன்பு

அக்பர் சமணராகிவிட்டார் என்று நம்மில் சிலர் எழுதுவதுண்டு. அது மிகைக்கூற்று. சிவிங்கிகளை அவர் இறுதிவரை வளர்த்தார், வேட்டையை முற்றத் துறந்தாரில்லை, போர்களும் ஓயவில்லை. விலங்குகளைப் பொரவிட்டுக் காணும் வழக்கமும் நீங்கவில்லை. 1596ஆம் ஆண்டு மான்களின் போரைக் கண்டுகொண்டிருக்கையில், ஒரு மான் பாய்ந்து தன் கொம்பால் அவரைக் குத்தியது. ஒரு மாதத்திற்கும் மேலாகப் படுக்கையில் துன்புற்றார். எண்ணற்ற கொம்புகளைத் தூண்களில் பதித்தவரின் உடலில் ஒரு கொம்பு பதிந்தது. வினைப்பயன் இதுவே என்று தீர்ப்புரைக்க நமக்கு ஞானமில்லை. ஆயினும் படிப்போர் நெஞ்சம் சற்றே நின்று எண்ணும்.

1605ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தபோது, ஜௌன்பூரில் வாழ்ந்த சமண வணிகரும் கவிஞருமான பனாரசிதாசர் அச்செய்தி கேட்டு மயங்கி, அமர்ந்திருந்த படியிலிருந்து விழுந்து தலையில் காயமுற்றார் என்பதை அவர்தம் தன்வரலாற்றால் அறிகிறோம். நாடெங்கும் சமணக் குடும்பங்கள் அம்மன்னர் மீது வைத்திருந்த நம்பிக்கைக்கு இது சான்று. அவருக்குப்பின் மகன் ஜஹாங்கீர் மீண்டும் பெருவேட்டை ஆடினார். தம் கையால் கொன்ற உயிர்கள் 17,167 என ஐம்பதாம் வயதளவில் கணக்கும் எழுதிவைத்தார். தந்தையின் நோன்பு மகனுக்குத் தானாகச் சென்று சேர்வதில்லை.

இவ்விடத்தேதான் இவ்வரலாறு நம்மை நோக்கித் திரும்புகிறது. நம் மக்களும் பேரமக்களும் கொல்லாமையைப் பிறப்புரிமை போலப் பெற்றுள்ளனர். படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் அவர்கள் தொலைவூர்களில் வாழ்கின்றனர். காரணம் அறியாது பெற்ற வழக்கம், சூழல் மாறியதும் நழுவிவிடக்கூடும். அக்பர் ஒரு நாள் விரதத்தில் தொடங்கிப் பல திங்கள் விரதம் வரை உயர்ந்தார். நாமோ உயர்ந்த படியில் பிறந்துவிட்டு, ஒவ்வொரு நாளாக இறங்கிவிடலாகாது. ஆண்டுதோறும் தசலட்சண பர்வத்தின்போது, இல்லத்திலுள்ள சிறுவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு விரதத்தைத் தாமே தேர்ந்து, அதன் காரணத்தைத் தம் வாயாலேயே சொல்லி ஏற்குமாறு பெற்றோர் வழிநடத்துவாராக. தாமே தேர்ந்த விரதம் அவர்களோடு எவ்வூருக்கும் செல்லும்.