கையடக்கப் போர்க்களம்: ‘கேம்பாய்’ தந்த குன்பெய் யோகோயின் கதை

2022 மார்ச் 9. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து இரண்டு வாரம்கூட ஆகலை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த மாதம் வரவேண்டிய ‘அட்வான்ஸ் வார்ஸ் 1+2: ரீ-பூட் கேம்ப்’ கேமைத் தள்ளிவைக்கிறோம், உலக நிலவரம்தான் காரணம் என்றது. அந்த கேம் கடைசியில் வந்தது 2023 ஏப்ரல் 21-ல்.

இந்த வரிசைக்கு இது புதுசு இல்லை. முதல் ‘அட்வான்ஸ் வார்ஸ்’ அமெரிக்காவில் வெளியான தேதி 2001 செப்டம்பர் 10. மறுநாள் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் வெளியீடு நிறுத்தப்பட்டு, 2004-ல் இரண்டாம் பாகத்தோடு சேர்த்துத்தான் அங்கே வந்தது.

பொம்மை மாதிரி குட்டி டாங்கிகள், கட்டம் போட்ட வரைபடம், நீ ஒரு முறை நான் ஒரு முறை என்று ஆடும் ஆட்டம். அவ்வளவுதான். அதுக்கு ஏன் நிஜப் போர் வரும்போதெல்லாம் இவ்வளவு தயக்கம்? கையில் பிடித்து ஆடும் சின்ன மெஷினில் இந்த ‘டர்ன்-பேஸ்டு’ போர் கேம்கள் ஏன் இவ்வளவு ஒட்டிக்கொண்டன?

பதில் தேடினால் ஒரே ஆளிடம் போய் நிற்கிறோம். அந்த ரீ-பூட் கேம்ப் வெளியான அதே ஏப்ரல் 21-ல், 34 வருடங்களுக்கு முன்னால், ‘கேம்பாய்’ என்ற மெஷினைக் கடைக்கு அனுப்பியவர் அவர். பெயர் குன்பெய் யோகோய்.

யார் இந்த யோகோய்?

1941 செப்டம்பர் 10-ல் ஜப்பானின் கியோட்டோவில் பிறந்தவர். அவர் பிறந்து மூன்று மாதத்தில் ஜப்பான் பசிபிக் போரில் இறங்கியது. அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பெரிய கம்பெனிகளில் வேலை கிடைக்கலை. 1965-ல் உள்ளூர் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். அதுதான் நின்டெண்டோ.

அப்போதைய நின்டெண்டோவை இன்றைய கண்ணோடு பார்க்கக் கூடாது. 1889-ல் தொடங்கிய சீட்டுக்கட்டு கம்பெனி அது. ‘ஹனாஃபுடா’ என்ற பூப்போட்ட ஜப்பானியச் சீட்டுகளை அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தது. யோகோயின் வேலை, அந்த மெஷின்கள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது. மெஷின் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை.

சும்மா இருந்த நேரத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். கடை வாசலில் இருக்கும் மடக்கு கேட் மாதிரி குறுக்குப் பட்டைகள். கைப்பிடியை அழுத்தினால் நீண்டு போய் தூரத்தில் இருக்கும் பொருளைக் கவ்வும். ஒருநாள் அது கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டது. வேலை நேரத்தில் விளையாடியதற்குத் திட்டு விழும் என்று யோகோய் எதிர்பார்த்தார். கிடைத்தது வேறு: அதையே விற்பனைக்குத் தயார் செய்யச் சொல்லி உத்தரவு. 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்து 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. மெக்கானிக்காக இருந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

‘பழசு’தான் அவர் பலம்

யோகோயின் வழி என்னவென்று புரிய அவருடைய அடுத்த பொம்மைகளைப் பார்த்தால் போதும். 1969-ல் ‘லவ் டெஸ்டர்’. இரண்டு பேர் கைகோத்து ஆளுக்கொரு கம்பியைப் பிடித்தால், உடலில் ஓடும் சின்ன மின்சாரத்தை அளந்து ‘காதல் மார்க்’ காட்டும். உள்ளே இருந்தது பள்ளிக்கூட லேபில் இருக்கும் சாதாரண மின்னோட்டமானி. 1970-ல் ஒளித் துப்பாக்கி. வெளிச்சம் பட்டதை அறிய உள்ளே வைத்தது சோலார் செல். மின்சாரம் தயாரிக்கும் பொருளை, சுட்ட குறி பட்டதா இல்லையா என்று சொல்லும் பொருளாக மாற்றிவிட்டார்.

இந்த அணுகுமுறைக்கு அவர் ஒரு பெயரும் வைத்திருந்தார். தமிழில் சொல்வதென்றால், காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது. காய்ந்துபோன என்றால் வீணாய்ப்போன என்று அர்த்தம் இல்லை. எல்லோரும் பயன்படுத்திப் பழகி, கோளாறெல்லாம் தீர்ந்து, விலை மலிவாகிப்போன ஒன்று. அதை யாரும் யோசிக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

எல்லா முயற்சியும் ஜெயிக்கலை. 1973-ல் காலியான பவுலிங் கூடங்களை லேசர் துப்பாக்கிச் சுடும் தளமாக மாற்றும் திட்டம் வந்தது. அதே வருடம் எண்ணெய் நெருக்கடி. ஆர்டர்கள் ரத்தாகி, நின்டெண்டோ கடனில் மாட்டியது.

ரயிலில் கிடைத்த ஐடியா

70-களின் கடைசி. புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்த யோகோய், பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு அலுவலகப் பயணியைக் கவனித்தார். பெரியவர்களும் யாருக்கும் தெரியாமல் விளையாடணும் என்றால் மெஷின் சின்னதாக இருக்கணும் என்று அவருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் ஷார்ப், கேசியோ கம்பெனிகளின் கால்குலேட்டர் போட்டியால் எல்.சி.டி திரையும் சிப்பும் மலிவாகியிருந்தன. பழைய சரக்கு, புது இடம். 1980-ல் ‘கேம் அண்ட் வாட்ச்’ பிறந்தது. விளையாடலாம், மணியும் பார்க்கலாம். வரிசை மொத்தமாக 4 கோடிக்கும் மேல் விற்றது.

1982-ல் இந்த வரிசையின் ‘டாங்கி காங்’ மாடலில் ஒரு சிக்கல். மடக்கிப் பையில் போடும் மெஷினில் ஜாய்ஸ்டிக் நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. அதற்காக யோகோய் கொண்டுவந்ததுதான் கூட்டல் குறி வடிவ ‘டி-பேட்’. இன்றைக்கும் கேம் கன்ட்ரோலர்களில் இடதுபக்கம் இருக்கும் அந்தப் பட்டன்தான். ஒரு அழுத்துக்கு ஒரு கட்டம். போர் வரைபடத்தில் படையை நகர்த்த இதைவிடத் தோதான கருவி கிடைக்குமா?

கேம்பாய்: தோற்றிருக்க வேண்டிய மெஷின்?

1989. கேம்பாய் வந்தது. 160-க்கு 144 புள்ளிகள் கொண்ட திரை, பச்சையோடிய சாம்பலில் நான்கே சாயல்கள், பின்னொளி கிடையாது. விலை 12,500 யென். கேசட் மாற்றிப் போடும் வலுவான மெஷினாக அதை ஆக்கியதில் யோகோயின் சக பொறியாளர் சடோரு ஒகாடாவுக்கும் பெரிய பங்கு உண்டு.

அதே வருடம் அமெரிக்காவில் அட்டாரியின் ‘லிங்க்ஸ்’ வந்தது. கலர் திரை, பின்னொளி எல்லாம் உண்டு. ஆனால் விலை சுமார் 180 டாலர், கேம்பாயைப் போல் இரண்டு மடங்கு. ஆறு பேட்டரி போட்டாலும் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம்பாயோ நான்கு பேட்டரியில் 10 மணி நேரத்துக்கும் மேல் தாக்குப்பிடிக்கும். பாதி ஆட்டத்தில் அணைந்துபோகும் கலர் மெஷினைவிட, அணையாத கறுப்பு வெள்ளை மேல் என்பது யோகோயின் கணக்கு. கேம்பாயும் அதன் வாரிசான கேம்பாய் கலரும் சேர்ந்து விற்றது 11.8 கோடிக்கும் அதிகம்.

சரி, இதில் போர் கேம் எங்கே வருகிறது?

யோகோய் நின்டெண்டோவின் ‘ஆர் அண்ட் டி 1’ பிரிவின் தலைவர். அந்தப் பிரிவும் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1988-ல் டிவியில் ஆடும் ‘ஃபேமிகாம் வார்ஸ்’ கேமைக் கொடுத்தன. ஊர்களைப் பிடித்தால் காசு வரும். காசு வந்தால் ஆலையில் படை செய்யலாம். அடுத்து 1990-ல் ‘ஃபயர் எம்ப்ளம்’. இதை வடிவமைத்தவர் ஷோஸோ காகா, தயாரிப்பாளர் யோகோய். 1991-ல் ‘கேம்பாய் வார்ஸ்’ வந்தது. போர்க்களம் பாக்கெட்டுக்குள் புகுந்தது. அதே 1991-ல் வேறொரு நிறுவனத்தின் ‘சூப்பர் ரோபோ டைசென்’ வரிசையும் கேம்பாயில்தான் தொடங்கியது.

இது ஏன் ஒத்துப்போனது? காரணங்களை எளிமையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் காரணம், திரை. கேம்பாய் திரையில் வேகமாக நகரும் எதுவும் இழுபட்டு மங்கும். சண்டை, ரேஸ் கேம்களுக்கு அது பெரிய குறை. டர்ன்-பேஸ்டு கேமில் நீங்கள் நகர்த்தும்வரை எதுவுமே அசையாது. குறை இருக்கும், ஆனால் தெரியாது.

இரண்டாவது, சிப். வேகம் குறைந்த சிப் என்றால் ஆக்‌ஷன் கேம் திக்கும். சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடும் கேமில் கம்ப்யூட்டர் கொஞ்சம் அதிகம் யோசிக்கும், அவ்வளவுதான். சில நேரம் ரொம்பவே அதிகம். ‘கேம்பாய் வார்ஸ்’ கேமில் எதிரியின் முறை முடியக் காத்திருப்பது பொறுமைக்கே சோதனை. அதை வேகமாக்கி 1997-ல் வந்த பதிப்புக்கு ‘டர்போ’ என்றே பெயர் வைத்தார்கள்.

மூன்றாவது, நேரம். இதுதான் முக்கியம். பஸ் வந்துவிட்டதா? அம்மா கூப்பிடுகிறாரா? மெஷினைக் கீழே வைக்கலாம். எதிரி உங்கள் முதுகில் குத்த மாட்டான். உங்கள் முறை உங்களுக்காகக் காத்திருக்கும். பின்னால் வந்த ‘அட்வான்ஸ் வார்ஸ்’ கேமில் போரின் நடுவிலேயே சேவ் செய்துவிட்டு எழுந்து போகலாம். ஒரே மெஷினைக் கைமாற்றிக் கைமாற்றி நான்கு பேர் ஆடலாம்.

அதாவது ஒரு மலிவான மெஷினின் பலவீனங்கள் எல்லாம் இந்த வகை கேமில் மறைந்துபோயின. யோகோய் திட்டமிட்டு இந்தக் கல்யாணத்தை நடத்திவைத்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டு வீட்டிலும் அவர்தான் பெரியவராக இருந்தார்.

விளையாட்டா, போரா?

முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். ‘வார்ஸ்’ வரிசையில் ஒரு படை என்பது 10 என்ற எண். அடிபட்டால் 7 ஆகும், 3 ஆகும், மறையும். காசு இருந்தால் இன்னொன்று வாங்கலாம். யாருக்காகவும் வருத்தப்பட வேண்டியதில்லை. அதனால்தான் ஜாலியாக இருக்கிறது. அதனால்தான் நிஜமாகவே ஊர்கள் எரியும்போது சங்கடமாகவும் இருக்கிறது.

‘ஃபயர் எம்ப்ளம்’ இதைத் திருப்பிப் போட்டது. அங்கே ஒவ்வொரு வீரருக்கும் பெயர், முகம், கதை உண்டு. செத்தால் செத்ததுதான், பொதுவாகத் திரும்பி வரமாட்டார். ஒரு தப்பான நகர்த்தலால் 20 மணி நேரம் கூடவே வந்த ஆளை இழப்பீர்கள். மெஷினை அணைத்து மறுபடி ஆரம்பித்த ரசிகர்கள் ஏராளம். கட்டமும் முறையும் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் உயிர் என்பது கணக்கு, இன்னொன்றில் இழப்பு. இரண்டுமே ஒரே தலைவரின் கீழ் இரண்டு வருட இடைவெளியில் வந்தவை.

சிவப்புத் திரையும் கடைசிப் பயணமும்

1995-ல் யோகோயின் ‘விர்ச்சுவல் பாய்’ வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணம் தெரியும், ஆனால் எல்லாமே சிவப்பில். மலிவான சிவப்பு எல்.இ.டி என்ற அதே பழைய சூத்திரம்தான். இந்த முறை எடுபடலை. தலைவலி, கண்வலிப் புகார்கள். சுமார் 7.7 லட்சம் மட்டுமே விற்று, ஒரு வருடத்துக்குள் கதை முடிந்தது.

1996 ஆகஸ்ட்டில், மெலிதான ‘கேம்பாய் பாக்கெட்’ வெளியான கையோடு, 31 வருட வேலையை விட்டு விலகினார். விர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பேசப்பட்டது. தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் அதற்கு முன்பே அவருக்கு இருந்தது. ‘கோட்டோ’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காகப் புது கையடக்க மெஷின் ஒன்றில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாகாணத்தில் ஹொகுரிகு விரைவுச் சாலை. அவர் போன கார் முன்னால் போன லாரியில் லேசாக இடித்தது. சேதத்தைப் பார்க்கக் கீழே இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதியது. வயது 56.

அவர் வேலை பார்த்த மெஷின் 1999 மார்ச்சில் ‘வொண்டர்ஸ்வான்’ என்ற பெயரில் வந்தது. கறுப்பு வெள்ளை, ஒரே ஒரு பேட்டரி, 4,800 யென். கேம்பாய் விலையில் பாதிகூட இல்லை. அதோடு வந்த ஒரு புதிர் கேமுக்கு ‘குன்பே’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். அடுத்த மாதமே அதில் ஒரு ‘சூப்பர் ரோபோ டைசென்’ போர் கேமும் வெளியானது.

இன்று நம் போன்களில் இருக்கும் பல கேம்கள் நம்மைக் காத்திருக்க விடுவதில்லை. நோட்டிஃபிகேஷன் அனுப்பும், இன்றைக்கு வரலைன்னா பரிசு போச்சு என்று பயமுறுத்தும். யோகோயின் மெஷினில் வளர்ந்த கேம்கள் அப்படி இல்லை. நீங்கள் எப்போது திரும்பி வந்தாலும், விட்ட இடத்தில், உங்கள் முறையில்தான் நிற்கும்.