உடம்பு ஒரு கம்பெனி, லென்ஸ் வேற கம்பெனி! மா.கிருஷ்ணனின் ‘சூப்பர் பாண்டரோசா’

அப்பாவோ தாத்தாவோ வச்சிருந்த ஃபிலிம் கேமரா ஒண்ணு உங்க வீட்டுப் பரண்ல கிடக்குதா? இல்ல, மூடிப்போன ஸ்டூடியோவுல இருந்து ஒரு டெலி லென்ஸ் மட்டும் கைக்கு வந்து, இதை எந்த கேமராவுல மாட்டுறதுனு தெரியாம வச்சிருக்கீங்களா? அப்படின்னா ஒரு மனிதரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். லட்சங்களில் விற்கும் லென்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விடும் கோவில்பட்டி, விளாத்திகுளம், கழுகுமலைப் பசங்களுக்கு இவர் கதை ரொம்பவே உதவும்.

அவர் மா.கிருஷ்ணன். இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். நம்ம பக்கத்து ஆள்தான். பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். கோவில்பட்டியில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் போய் இறங்கிவிடலாம்.

அப்பா யார் தெரியுமா? ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ.மாதவையா! உப்பு, ஆப்காரி இலாகாவில் வேலை பார்த்தவர். சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு சென்னைக்குப் போய் அச்சகம் போட்டார், ‘பஞ்சாமிர்தம்’ பத்திரிகை நடத்தினார். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசி முடித்த கையோடு, அங்கேயே இறந்துபோனார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியான கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன் பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியது அக்கா.

படிப்பில் கிருஷ்ணன் சுமார்தான். பிரசிடென்சி கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் சுற்றியதும், பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றதும்தான் அவருக்கு உண்மையான பாடம். பரீட்சை மதிப்பெண்ணில் அதெல்லாம் தெரியாது இல்லையா? அச்சகம், வானொலி என்று கிடைத்த வேலைகளைப் பார்த்தார். 1937-ல் திருமணம் ஆகிவிட்டது. நிலையான சம்பளம் மட்டும் அமையவில்லை.

1942-ல் ஒரு வேலை வந்தது. பல்லாரி பக்கத்தில் இருந்த சண்டூர் சமஸ்தானத்தில். நம்மூர்ச் சந்தையில் பெரிய வெங்காயத்துக்கே ‘பல்லாரி’னுதானே பேரு, அதே பல்லாரி! அந்தச் சுற்றுவட்டாரமும் நம்மைப் போலவே பருத்தி விளையும் கரிசல், மழை பொய்க்கும் பூமி. அதன் நடுவே மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ஊர் சண்டூர். அங்கே பள்ளிக்கூட வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என எல்லா வேஷமும் போட்டார். ஆடு வளர்த்தார், புறா வளர்த்தார். மீதி நேரமெல்லாம் முள்ளுக்காட்டில் நடை.

1949-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. வேலை போச்சு. கிருஷ்ணன் மயிலாப்பூர் திரும்பினார். குடும்பம் இருக்கிறது, வயது 37. வேறு ஒருவராக இருந்தால் ஏதாவது ஓர் ஆபீஸில் போய் உட்கார்ந்திருப்பார். இவரோ எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்வது என்று முடிவெடுத்தார். 1950-ல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியைத் தொடங்கினார். மைனா, அணில், கீரி, பல்லி என்று நம் கண்முன்னே திரிகிற உயிர்கள்தான் அதில் பாதி. கூடவே வரும் கோட்டுச்சித்திரமும் அவரே போட்டதுதான். சாகும்வரை, 46 வருஷம் எழுதினார்.

பத்திரிகைக் கட்டுரைக்கு வரும் காசில் என்ன கேமரா வாங்க முடியும்னு யோசிச்சுப் பாருங்க. அன்றைக்கு இந்தியாவில் நல்ல கேமரா என்றாலே இறக்குமதிதான். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, லைசென்ஸ், சுங்கவரி எல்லாம் சேர்ந்து விலையைக் கூரைக்கு மேல் ஏற்றியிருந்தன. ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர் விற்றது, கப்பலில் வந்தவர் கொடுத்தது, கைமாறிக் கைமாறி வந்த செகண்ட் ஹேண்ட் சரக்கு... இதுதான் சாதாரணப் படக்காரருக்கு வழி. பாடி கிடைத்தால் லென்ஸ் இருக்காது, லென்ஸ் கிடைத்தால் அதற்கேற்ற பாடி இருக்காது.

கிருஷ்ணன் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘சூப்பர் பாண்டரோசா’. ஒரு கம்பெனியின் கேமரா உடம்பு, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், இன்னும் எங்கிருந்தெல்லாமோ வந்த உதிரிகள். எல்லாவற்றையும் தானே சேர்த்துப் பொருத்தினார். அந்த உருப்படிக்கு வைத்த பெயரிலேயே அதன் பாரம் தெரிகிறது. கனமானது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சாயல் அதில் இருக்கிறது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், வியந்தார்கள், எழுதியும் வைத்தார்கள். ஆனால் அதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தபின் யாரும் சிரிக்கவில்லை.

ஒட்டுவேலையின் சூட்சுமம்

வேற்று லென்ஸை ஒரு கேமராவில் மாட்டுவது துளை பொருந்துகிற விஷயம் மட்டும்தான் என்று நினைக்கிறோம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. லென்ஸின் அடிப்பாகத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு உண்டு. அதில் ஒரு மி.மீ கூடினாலே தூரத்துக் காட்சி தெளிவாக விழாது.

உதாரணத்துக்கு, பழைய பென்டாக்ஸ், பிராக்டிகா, ரஷ்ய ஜெனித் கேமராக்களில் வரும் எம்42 திருகு லென்ஸ்களை எடுத்துக்கோங்க. 42 மி.மீ விட்டம், மரை சுற்றி மாட்டணும். இதற்கான இடைவெளி 45.46 மி.மீ. நிகான் எஃப் கேமராவுக்கு 46.5. அதனால் எம்42 லென்ஸை வெறும் வளையம் போட்டு நிகானில் மாட்டினால், பக்கத்தில் இருக்கும் பூ தெளிவாக இருக்கும், கழுகுமலை மங்கலாகத்தான் தெரியும். வளையத்துக்குள் ஒரு கண்ணாடி வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் படத்தின் கூர்மை குறையும். அதே லென்ஸை இன்றைய மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவது சுலபம். சோனி ‘ஈ’ வகைக்கு இடைவெளி 18 மி.மீ-தான், மீதியை வளையமே நிரப்பிவிடும். பழைய லென்ஸுக்கு இன்று திரும்ப மவுசு வந்ததற்குக் காரணம் இதுதான்.

கிருஷ்ணன் காலத்தில் இப்படி ரெடிமேட் வளையம் ஆர்டர் போட்டால் வீடு தேடி வராது. அளந்து, பொருத்தி, படம் எடுத்து, கழுவிப் பார்த்து, மறுபடி அளக்கணும். ஃபிலிம் காசு ஒவ்வொரு தப்புக்கும் கரையும். அந்தப் பொறுமை அவரிடம் இருந்தது. நம்ம ஊர் லேத் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து வாங்கணும்னு உங்களுக்கு ஆசை இருந்தால், இந்த இடைவெளிக் கணக்கை முதலில் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க.

இந்த மாதிரி ஒட்டுக் கேமராவுக்கு ஒரு குறையும் உண்டு. செய்தவர் கைக்குத்தான் அது பணியும். விற்கவும் முடியாது, பழுதானால் ரிப்பேருக்கும் கொடுக்க முடியாது. கிருஷ்ணனுக்கு விற்கிற எண்ணம் இல்லாததால் சரியாகப் போனது.

நெருங்கிப் போன மனுஷன்

கருவி இப்படி இருந்தும் படங்கள் எப்படி அமைந்தன? அவர் நெருங்கிப் போனார். முதுமலை மாதிரியான காடுகளில் வளர்ப்பு யானை மேல் உட்கார்ந்து மணிக்கணக்காகக் காத்திருந்தார். காட்டுயானையோ காட்டெருமையோ யானையைப் பார்த்தால் மனிதனைப் பார்த்த மாதிரி மிரளாது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 35 மி.மீ ஃபிலிம் கேமராவில் 135 மி.மீ லென்ஸ் போட்டு, 50 மீட்டர் தள்ளி நிற்கும் வெளிமானைப் பார்க்கிறீர்கள். படத்தின் அகலத்தில் சுமார் 13 மீட்டர் நிலம் அடங்கும். மானின் நீளம் ஒரு மீட்டர் சொச்சம். அதாவது படத்தில் பத்தில் ஒரு பங்குதான் மான். 25 மீட்டருக்கு வந்துவிட்டால் அதே மான் இரட்டிப்பாகத் தெரியும். 270 மி.மீ லென்ஸ் வாங்கியதற்குச் சமம்! அந்தப் பாதித் தூரத்தை மானை மிரட்டாமல் கடப்பது எப்படி என்பதைக் கற்கத்தான் கிருஷ்ணனுக்கு வாழ்நாள் பிடித்தது. உங்கள் பட்ஜெட்டில் அதற்கும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்க.

கரிசலில் இன்னொரு தொல்லை, கானல். பத்து மணிக்கு மேல் தரை கொதித்து காற்று நெளிய ஆரம்பித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டெலி லென்ஸும் தூரத்துக் காட்சியைக் குழப்பிவிடும். விடிந்ததும் போய்விடுங்க. வெளிச்சமும் ஏமாற்றும். கேமரா மீட்டரைக் கறுப்பு மண்ணுக்கு நேராகப் பிடித்தால், அது மண்ணைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மண் வெளுத்து, ஆட்டுக்குட்டியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து வைங்க. மீட்டரே செத்துப்போன கேமராவா? 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் 125. ஸ்டூடியோக்காரர்கள் காலங்காலமாக மனக்கணக்கில் வைத்திருந்தது இதைத்தான்.

வாங்குறவங்களும் விக்கிறவங்களும்

பழைய லென்ஸ் வாங்கும்போது செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து, முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை ஓடினால் பூஞ்சை. பனி படிந்த மாதிரி இருந்தால் உள்ளே மங்கல். முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் பெரும்பாலும் தெரியாது. பின் கண்ணாடியில் கீறல் என்றால் யோசிங்க. துவார இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ஃபோகஸ் வளையம் சீராகச் சுழல்கிறதா என்று பாருங்கள். சுற்றும்போது நறநறன்னு சத்தம் வந்தால் உள்ளே புழுதி போயிருக்கு. கரிசல் காற்றில் ஈரம் குறைவு, அதனால் கடலோர ஊர்களை விடப் பூஞ்சைத் தொல்லை கம்மி. புழுதிதான் நமக்கு எதிரி. வேட்டி நுனியால் துடைக்கும் பழக்கத்தை விடுங்க, முதலில் ஊதுகுழாயால் ஊதுங்க. தோல் பையில் போட்டு மூடி வைக்காதீங்க, ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா போதும்.

முதல் லென்ஸாக எதை வாங்கலாம்? ரஷ்யாவில் செய்த ஹீலியோஸ் 44, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கம்பெனியின் 135 மி.மீ. இரண்டுமே ஏராளமாகச் செய்யப்பட்டவை என்பதால் யானை விலை சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் விற்கிறவராக இருந்தால், டார்ச் வெளிச்சத்தில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போடுங்க. பூஞ்சை இருந்தா இருக்குன்னு சொல்லிடுங்க, அதையும் வாங்க ஆள் உண்டு. தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்கு மட்டும் கிலோ கணக்கில் போட்டுடாதீங்க. அந்தப் பித்தளை வளையத்துக்காக எங்கேயோ ஒரு கிருஷ்ணன் அலைந்துகொண்டிருப்பார்.

கடைசி வருஷங்கள்

1968-ல் நேரு ஃபெலோஷிப் கிடைத்தது. தென்னிந்தியக் காடுகளெல்லாம் சுற்றி, பாலூட்டிகளின் நிலையை நேரில் பார்த்துப் பதிந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டது. பத்மஸ்ரீ வந்தது. 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘குளோபல் 500’ பட்டியலிலும் இடம்பெற்றார். எந்த விருதும் அவருடைய நாக்கை மழுங்கடிக்கவில்லை. வெளிநாட்டு மரங்களை இங்கே கொண்டுவந்து நடுவதை ஆயுள் முழுக்கத் திட்டித் தீர்த்தார். முள்ளுக்காட்டையும் வெட்டவெளியையும் ஒன்றுக்கும் உதவாத தரிசு என்று எழுதுகிற அரசாங்க வழக்கம் அவருக்குப் பிடிக்காது. சீமைக்கருவேலம் மூடிக்கிடக்கும் நம் கண்மாய்க் கரைகளைப் பார்க்கும்போது, அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்பது நமக்குப் புரியும்.

தமிழிலும் எழுதினார் என்பது பலருக்குத் தெரியாது. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ படித்துப் பாருங்கள். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவல்கூட உண்டு! 1996 பிப்ரவரி 18-ல், 83-வது வயதில் இறந்தார்.

அவர் பாணியில் ஒரு காலை நேரத்தைச் செலவழிக்க ஆசையா? நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில் வல்லநாடு இருக்கிறது. 1987-ல் அறிவிக்கப்பட்ட வெளிமான் சரணாலயம், பரப்பு 16.41 சதுர கி.மீ. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடம். வனத்துறையிடம் முதலில் அனுமதி கேட்டு வாங்கிடுங்க. 135 மி.மீ லென்ஸ், ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல், தண்ணீர் பாட்டில். ஆண் மானின் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. வயிற்றுக்குப் பார்த்து வெளிச்சம் வைத்தால் முதுகு மையாகிவிடும், முதுகுக்கு வைத்தால் வயிறு வெளுத்துவிடும். 36 படத்தில் நாலைந்தை இதற்கென்றே ஒதுக்கி வைங்க.