காசியை விட்டுக் கல்கத்தாவுக்கு: மாணவர் ஜெகஜீவன்ராம்

கல்லூரியிற் சேர்ந்த சின்னாட்களிலேயே அவ்விடம் தமக்கு ஒவ்வாது என்று உணரும் மாணவர் எக்காலத்தும் உளர். வைப்பாற்றின் கழிமுகத்தில் உள்ள கீழவைப்பாரிலிருந்தும், அதனைச் சூழ்ந்த உப்பளத்து ஊர்களிலிருந்தும் தூத்துக்குடிக்கும் பாளையங்கோட்டைக்கும் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுள்ளும் அத்தகையோர் இருத்தல் கூடும். அவர்கள் பொருட்டே பாபு ஜெகஜீவன்ராம் அவர்களின் மாணவப் பருவம் இங்கு எழுதப்படுகிறது. அமைச்சராக அவரை அறிந்தோர் பலர். கல்லூரி மாறிய மாணவராக அறிந்தோர் சிலரே.

பீகாரில் ஆரா நகரை அடுத்த சந்துவா என்னும் சிற்றூரில் 1908 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சோபிராம் படையிற் பணிபுரிந்து விலகியவர்; மகன் சிறுவனாயிருந்தபோதே மறைந்தார். அன்னை வசந்தி தேவியாரே அவரைப் படிக்க வைத்தார். ஆரா பள்ளியில் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இரு தண்ணீர்ப் பானைகள் இருந்தன. இந்துக்களின் பானையில் இவர் நீர் அருந்தியது குற்றமாயிற்று. தீண்டப்படாதார்க்கென மூன்றாம் பானை ஒன்று வந்தது. சிறுவர் அதனை உடைத்தார். மீண்டும் வைத்தனர், மீண்டும் உடைத்தார். அதன்பின் மூன்றாம் பானை வைக்கப்படவில்லை.

1925இல் அப்பள்ளிக்கு வருகை தந்த பண்டித மதன்மோகன் மாளவியா, இம்மாணவர் நிகழ்த்திய வரவேற்புரையில் ஈடுபட்டுத் தாம் நிறுவிய காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வருமாறு அழைத்தார். மெட்ரிகுலேஷனில் முதல் வகுப்பில் தேறிய ஜெகஜீவன்ராம் அங்கே சேர்ந்தார். பிர்லா உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால், நிறுவனரின் அழைப்பு விடுதிச் சமையற்கட்டு வரை செல்லவில்லை. பிற மாணவரோடு உண்ண இடமில்லை, பரிமாறுவோரும் மறுத்தனர். உள்ளூர் நாவிதர் எவரும் அவருக்கு முடி திருத்த முன்வராமையால், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நாவிதர் ஒருவர் காஜிப்பூரிலிருந்து அவ்வப்போது வந்து செல்ல வேண்டியிருந்தது. பாடத்தில் குறையில்லாத ஒரு மாணவர், உணவுக்கும் முடி திருத்தலுக்கும் வழி தேடி நாட்களைக் கழித்தார். இக்கொடுமையை எதிர்த்து அங்கேயே தாழ்த்தப்பட்டோரைத் திரட்டவும் முற்பட்டார்.

அக்காலத்தில் கல்லூரிக் கல்வியின் முதற்கட்டம் இன்டர்மீடியட் வகுப்பாகும். அதில் தேறியவர் வேறொரு பல்கலைக்கழகத்தில் பட்ட வகுப்பிற் சேரலாம். ஜெகஜீவன்ராம் அந்த வாயிலையே பயன்படுத்தினார். அவமதிப்பைப் பொறாது பாதியில் ஊர் திரும்பவில்லை. இன்டர்மீடியட் அறிவியல் தேர்வில் தேறிய பின்னரே காசியை விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். இவ்வொழுங்கை நம் மாணவர் சிறப்பாகக் கவனித்தல் நலம். கையில் தேர்ச்சியோடு புறப்பட்டமையால் அவருடைய உழைப்பு வீண்போகவில்லை. 1931இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

கல்கத்தா அவருக்குப் பட்டத்தோடு பொதுவாழ்வையும் தந்தது. அங்குச் சென்ற சில திங்களிலேயே, 1928இல், வெல்லிங்டன் சதுக்கத்தில் தொழிலாளர் பேரணி ஒன்றை நடத்தினார். சுபாஷ் சந்திர போஸ் போன்றோரின் கவனம் அவர்பால் திரும்பியது. காசியில் உணவுக்கூடத்தில் இடம் பெறாத இளைஞர், இம்மாநகரில் ஆயிரக்கணக்கானோரை ஒன்று கூட்டினார்.

பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1946இல் இடைக்கால அரசில் தொழிலாளர் அமைச்சரானார். பசுமைப் புரட்சிக் காலத்தில் உணவு, வேளாண்மைத் துறையையும், 1971 போரின்போது பாதுகாப்புத் துறையையும் ஏற்றிருந்தார். 1979இல் துணைப் பிரதமரானார்.

இடையே, 1978இல், பாதுகாப்பு அமைச்சராக அவர் காசிக்குச் சென்றார். சம்பூர்ணானந்தர் சிலையைத் திறந்து வைத்துத் திரும்பினார். அவர் தொட்டதால் சிலை தீட்டாயிற்று என்று சொல்லி, மேல்சாதி மாணவர் சிலர் அதனைக் கங்கை நீரால் கழுவினர். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அதற்குப் பின்னும் சசாராம் மக்கள் அவரையே தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். 1986 ஜூலை 6ஆம் நாள் மறையும் வரை அவர் நாடாளுமன்றத்தில் இருந்தார்.