நுரைக்குள் ஒரு நூற்றாண்டு

ஷேவிங் சோப்புக்கு இப்போ மறுபடியும் ஒரு மவுசு வந்திருக்கு. கேனை அழுத்தினால் புஸ்ஸென்று வரும் ஃபோமை விட்டுவிட்டு, பிரஷ், கிண்ணம், வட்டமான சோப் என்று தாத்தா காலத்து செட்டப்புக்குத் திரும்பும் பசங்க நம்ம ஹாஸ்டலிலேயே இருக்காங்க. சந்தனம், லாவெண்டர், எலுமிச்சை என்று வாசனைக்கு ஒரு டப்பா. டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இயற்கையானது, கெமிக்கல் இல்லாதது என்று போட்டிருக்கும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சின்ன எழுத்தில் ஸ்டியரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கிளிசரின் என்று இருக்கும். ஒரே டப்பாவின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று சண்டை போடுது.

இந்தச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்லக்கூடிய ஒருத்தர் 1889-லேயே இறந்துட்டார். அந்தப் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டியரிக் அமிலத்தைக் கொழுப்பிலிருந்து பிரித்து இன்னதென்று காட்டியவர் அவர்தான். கிளிசரினுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். பெயர் மிஷேல் யூஜேன் ஷெவ்ரல். பாரிஸ் ஈஃபில் கோபுரத்தில் 72 அறிவியலாளர்கள், பொறியாளர்களின் பெயர்களைப் பொறித்திருக்காங்க. அதில் இவர் பெயரும் உண்டு.

ஷெவ்ரல் பிறந்தது 1786 ஆகஸ்ட் 31, பிரான்சின் ஆன்ஜே நகரத்தில். அப்பா மருத்துவர். பையனுக்கு மூன்று வயது ஆவதற்குள் பிரெஞ்சுப் புரட்சி வெடித்துவிட்டது. பிறந்தபோது நாட்டில் ராஜா இருந்தார். அப்புறம் குடியரசு, நெப்போலியன், மறுபடி ராஜா, மறுபடி குடியரசு, மறுபடி பேரரசு, கடைசியில் மூன்றாவது குடியரசு. இத்தனை ஆட்சியையும் பார்த்த மனிதர், இதற்கு நடுவில் பெரும்பாலும் லேபில்தான் இருந்தார்.

1803-ல், 17 வயதில், பாரிஸ் வந்தார். குரோமியத்தைக் கண்டுபிடித்த வோக்லான்தான் அவருக்குக் குரு. அந்தக் காலத்தில் வேதியியலாளர்கள் உலோகம், உப்பு, வாயு இவற்றையெல்லாம் ஓரளவு பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனால் உயிர்களிடமிருந்து வரும் பொருட்கள் என்றால் கொஞ்சம் தயக்கம். எண்ணெய், கொழுப்பு, ரத்தம் இதெல்லாம் கெட்டியாகவும் இல்லாமல் தண்ணியாகவும் இல்லாமல் பிசுபிசுவென்று இருக்கும். அதைத் தொட யாருக்கும் பெரிய ஆசை இல்லை.

1811-ல் ஒரு சோப் மாதிரி அவர் கைக்கு வந்தது. பன்றிக் கொழுப்பும் பொட்டாஷும் சேர்த்துச் செய்த மென்மையான சோப். சோப் செய்யும் வித்தை மனிதனுக்கு ஆயிரக்கணக்கான வருஷமாகத் தெரியும். கொழுப்பையும் காரத்தையும் கொதிக்க வைத்தால் சோப் வரும், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்குது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கொழுப்பும் காரமும் அப்படியே ஒட்டிக்கொள்ளுது என்றுதான் பொதுவாக நினைத்தார்கள்.

ஷெவ்ரல் அந்த சோப்பில் அமிலத்தை ஊற்றினார். போட்ட கொழுப்பு அப்படியே திரும்பி வந்திருக்கணும். வரவில்லை. முத்து மாதிரி மினுமினுக்கும் ஒரு புதுப் பொருள் வந்தது. அதுவும் ஒரு அமிலம்! கொழுப்புக்குள் அமிலம் ஒளிந்திருந்தது என்பது அன்றைக்கு உண்மையிலேயே அதிர்ச்சியான செய்தி.

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அடுத்த 12 வருஷம் உட்கார்ந்தார். மனிதன், ஆடு, மாடு, பன்றி, ஜாகுவார் என்று கிடைத்த கொழுப்பையெல்லாம் சோப்பாக்கினார், உடைத்தார், பிரித்தார். ஒரு செமஸ்டர் பிராஜெக்ட்டையே இழுத்துப் பறித்து முடிக்கும் நமக்கு 12 வருஷம் என்றால் தலை சுத்தும். ஒரு பொருள் சுத்தமாகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அவர் பிடித்த வழி உருகுநிலை. கரைத்துப் படிகமாக்கு, உருகுநிலையைப் பார். திரும்பக் கரைத்துப் படிகமாக்கு, திரும்பப் பார். உருகுநிலை மாறாமல் நின்றால்தான் அது ஒரே பொருள். நாம் முதல் வருஷ லேபில் அலுத்துக்கொண்டே செய்த அந்த வேலையை ஒரு முறையாக நிலைநிறுத்தியவர்களில் இவர் முக்கியமானவர்.

1823-ல் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகப் போட்டார். சாரம் இதுதான்: கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது. காரம் போட்டால் அந்தக் கூட்டு உடையும். அமிலம் காரத்தோடு சேர்ந்து சோப் ஆகும். கிளிசரின் தனியாக வெளியே வரும். கிளிசரினை ஏற்கெனவே ஷீலே பார்த்திருந்தார், ஆனால் கொழுப்பின் கட்டமைப்பில் அதன் இடம் எது என்று காட்டி இன்றைக்கு நாம் சொல்லும் பெயரை வைத்தவர் ஷெவ்ரல். ஸ்டியரிக் அமிலம், ஓலியிக் அமிலம் எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. வெண்ணெயில் இருந்து பியூட்டிரிக் அமிலத்தை எடுத்தார். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றத்துக்குக் காரணம் அதுதான். கேப்ரிக், கேப்ராயிக் என்ற அமிலங்களின் பெயரிலேயே லத்தீன் மொழியின் ஆடு இருக்கு, அதன் வாடை அப்படி. வாசனை என்பதும் பாட்டிலில் பிடித்து, எடை போட்டு, பெயர் வைக்கக்கூடிய ஒரு பொருள்தான் என்று ஆகிவிட்டது.

இப்போ நம்ம டப்பாவுக்கு வருவோம். ஷேவிங் சோப்புக்கும் குளிக்கிற சோப்புக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், அவர் பிரித்த அந்தப் பட்டியலில்தான் பதில் இருக்கு. தேங்காய் எண்ணெயில் லாரிக் அமிலம் அதிகம். அது சீக்கிரமாகப் பெரிய பெரிய குமிழி கொடுக்கும், சீக்கிரமாகவே உடைந்தும் போகும். ஸ்டியரிக் அமில சோப்பின் நுரை சின்னக் குமிழிகளோடு தயிர் மாதிரி கெட்டியாக நிற்கும். தாடி முடி தண்ணீரை உறிஞ்சி ஊறினால்தான் வெட்ட எளிது. அந்தத் தண்ணீரை முகத்திலேயே பிடித்து வைப்பதுதான் நுரையின் வேலை. அதனால்தான் ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலத்தைத் தூக்கலாகப் போடுகிறார்கள். சோடியம் காரம் போட்டால் சோப் கெட்டியாகும், பொட்டாசியம் போட்டால் மென்மையாகி எளிதில் கரையும். ஷேவிங் சோப்பில் பெரும்பாலும் இரண்டையும் கலப்பார்கள். பெரிய ஆலைகள் பல சமயம் கிளிசரினைப் பிரித்துத் தனியாக விற்றுவிடும். கையால் சின்ன அளவில் செய்பவர்கள் அதை உள்ளேயே விட்டுவிடுவார்கள். கையில் செய்த சோப் சிலருக்கு மென்மையாகத் தோன்ற இது ஒரு காரணம்.

ஆக, இயற்கையா கெமிக்கலா என்ற கேள்வியே தப்பு. மாட்டுக் கொழுப்பில் இருக்கும் ஸ்டியரிக் அமிலமும் பாமாயிலில் இருந்து எடுத்த ஸ்டியரிக் அமிலமும் ஒன்றேதான். காரம் போடாமல் சோப்பே கிடையாது. லாவெண்டர் எண்ணெயில் இருக்கும் லினலூலும் ஒரு வேதிப்பொருள்தான். காற்றுபட்டுப் பழசானால் சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது. செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் எதுவும் சாது ஆகிவிடாது.

ஷெவ்ரலுக்குத் தோல்வியும் உண்டு. கொழுப்பு மெழுகுவர்த்திகள் அப்போ புகையும் நாற்றமுமாக எரிந்தன. ஸ்டியரிக் அமிலத்தில் செய்தால் சுத்தமாக எரியும் என்று 1825-ல் கேலூசாக்கோடு சேர்ந்து காப்புரிமை வாங்கினார். ஆமாம், நம்ம வாயு விதி கேலூசாக்தான். இரண்டு பெரிய மூளைகள் சேர்ந்தும் வியாபாரம் ஓடவில்லை. சில வருஷம் கழித்து தெ மில்லி என்பவர் விலை மலிவான சுண்ணாம்பைப் பயன்படுத்திக் கொழுப்பை உடைத்து அதே மெழுகுவர்த்தியை வெற்றியாக்கினார். சுண்ணாம்பின் கால்சியம் ஸ்டியரிக் அமிலத்தோடு சேர்ந்தால் தண்ணியில் கரையாத சோப் வரும். மெழுகுவர்த்திக்காரருக்கு லாபம் கொடுத்த இதே வினைதான் நம்ம ஹாஸ்டல் போர் தண்ணியில் நுரை வராமல் கிண்ணத்தில் வெள்ளையாகத் திரியவும் காரணம். சோப் மட்டம் என்று தூக்கிப் போடும் முன்னாடி ஒரு தடவை ஆர்ஓ தண்ணியில் கலக்கிப் பாருங்க.

1824-ல் அவருக்கு வேறு வேலை வந்தது. பாரிஸின் கோப்ளான் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அங்கே ஒரு புகார் காத்திருந்தது. கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை, நீலம், ஊதா பக்கத்தில் வைத்தால் வெளுத்துத் தெரியுது, சாயம் சரியில்லை என்று. ஷெவ்ரல் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை! பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கண்ணை ஏமாற்றிக்கொண்டிருந்தது. ஒரே கறுப்பு, பக்கத்து நிறம் மாறினால் வேறு கறுப்பாகத் தெரியும். இதை வருஷக்கணக்கில் ஆராய்ந்து 1839-ல் நிறங்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 72 நிறங்கள் கொண்ட வண்ணச் சக்கரம் ஒன்றையும் உருவாக்கினார். புள்ளி புள்ளியாக வரைந்த சூரா போன்ற ஓவியர்கள் பிற்பாடு இவரிடமிருந்து பாடம் எடுத்துக்கொண்டார்கள்.

நூலில் தப்பில்லை, கண்ணில்தான் விஷயம் இருக்கு. இந்த எண்ணம் அவருக்கு முன்னாடியே வந்திருந்தது. நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு வளையத்தைப் பாதரசத்துக்கு மேலே பிடித்தால் அது தானாக ஆடும் என்று அப்போ பலர் நம்பினார்கள். ஷெவ்ரலும் பிடித்துப் பார்த்தார். அவர் கையிலும் ஆடியது! நடுவில் ஒரு கண்ணாடித் தட்டை வைத்தார், நின்றுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே ஒரு புது சக்தியைக் கண்டுபிடித்ததாக அறிவித்திருப்பார்கள். அவர் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார். இன்னொருத்தரைத் தனக்குத் தெரியாமல் தட்டை வைக்கவும் எடுக்கவும் சொன்னார். இப்போ தட்டால் எந்த வித்தியாசமும் இல்லை. ஆட்டியது பாதரசம் இல்லை, ஆடும் என்ற எதிர்பார்ப்பில் தனக்கே தெரியாமல் அசைந்த அவருடைய சொந்தக் கை. இதைக் கடிதமாக ஆம்பியருக்கு எழுதி 1833-ல் வெளியிட்டார். மேஜை தானாகச் சுற்றுது, ஆவி பேசுது என்று 1850-களில் ஐரோப்பா பைத்தியமாக அலைந்தபோது, 1854-ல் இதையே விரித்துப் புத்தகமாக எழுதினார்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஊரை நம்பாமல் இருப்பது சுலபம். தன் கையையே சந்தேகப்பட்டுச் சோதிப்பது கஷ்டம்.

எங்க விங்கில் ஒருத்தன் சந்தன சோப்தான் நுரை கெட்டி என்று சத்தியம் செய்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணைக் கட்டி, மூக்கில் துணி கிளிப் மாட்டி, ஒரே சோப்பின் சந்தன வகையையும் வாசனை இல்லாத வகையையும் மாற்றி மாற்றிப் பிரஷ்ஷில் கொடுத்தோம். பத்து தடவை கேட்டதில் பாதிதான் சரியாகச் சொன்னான். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். வாசனை அவனுக்குச் சந்தோஷம் கொடுக்குது, அது நிஜம். காலையில் 8 மணி கிளாஸுக்கு முன்னாடி சந்தோஷம் சின்ன விஷயமும் இல்லை. ஆனால் நுரையைக் கொடுப்பது ஸ்டியரிக் அமிலம். எதுக்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும், அவ்வளவுதான்.

ஷெவ்ரல் வேலையை நிறுத்தவே இல்லை. 1857-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் கோப்ளே பதக்கம் கிடைத்தது. 1864-ல், 77 வயதில், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஆனார். 1870-71-ல் ஜெர்மானியப் படை பாரிஸை முற்றுகையிட்டபோதும் ஊரை விட்டுப் போகவில்லை. அருங்காட்சியகத்தின் மேல் குண்டு விழுந்தபோது உலகத்துக்குத் தன் கண்டனத்தைப் பதிவு செய்தார். அவர் முத்து மினுமினுப்பைப் பார்த்துப் பெயர் வைத்த மார்கரிக் அமிலம் ஒரே பொருள் இல்லை, கலவை என்று பின்னால் வந்தவர்கள் நிரூபித்தார்கள். அவருடைய அளவுகோலே அவரைத் திருத்தியது. ஆனால் அந்தப் பெயர் மட்டும் 1869-ல் வந்த மார்ஜரின் என்ற செயற்கை வெண்ணெயில் ஒட்டிக்கொண்டு இன்னும் பிழைத்திருக்கு.

1886-ல் 100 வயது. நாடே விழா எடுத்தது. புகைப்படக் கலைஞர் நதார் அவரோடு பேச, நதாரின் மகன் படமெடுக்க, பேட்டியும் படங்களும் சேர்ந்து பத்திரிகையில் வந்தன. உலகின் முதல் புகைப்படப் பேட்டி என்று அதைச் சொல்வார்கள். ஈஃபில் கோபுரம் அவர் கண் முன்னால்தான் எழும்பியது. 1889 மார்ச் 31-ல் கோபுரம் திறக்கப்பட்டது. ஏப்ரல் 9-ம் தேதி, 102 வயதில், ஷெவ்ரல் இறந்தார். நோத்ர் தாம் தேவாலயத்தில் அரசு மரியாதை.

இத்தனை பட்டம், பதக்கம், பதவி இருந்தும், பிரான்ஸ் மாணவர்களிலேயே மூத்த மாணவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. நம்மில் பாதிப்பேர் இன்னும் இரண்டு மாசத்தில் ஐடி கார்டைக் கழற்றிப் போடப் போகிறோம். அவர் 102 வயது வரைக்கும் கழற்றவே இல்லை. அடுத்த தடவை இயற்கையானது என்று யாராவது ஒரு டப்பாவை நீட்டினால், மோந்து பாருங்க, பிடித்திருந்தால் சந்தோஷமாக வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை திருப்பிப் படிச்சிடுங்க.